சட்டத்தின் நாடி பார்த்தவர்

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் நாராயணசாமி, சந்திரம்மாள் இணையர்க்கு மகளாகப் பிறந்தவர் முத்துலட்சுமி. ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராசா கல்லூரியில், கடும் எதிர்ப்புக்கிடையே சேர்ந்து கற்றார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று மருத்துவரானார்.

1926இல் சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்ட அவர், பிரித்தானிய இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்னும் பெருமையைப் பெற்றார். உறுப்பினர்கள் அவரை ஒருமனதாகத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். நோயின் காரணம் அறிந்த பின்னரே மருந்து தரும் மருத்துவர், சட்டத்தையும் அவ்வாறே அணுகினார். ஹார்ட்டாக் கல்விக்குழுவில் இடம்பெற்றபோது, பல மாகாணங்களுக்கும் சென்று பெண்கல்வியின் நிலையை நேரில் ஆராய்ந்தார்.

தேவதாசி முறையை ஒழிப்பது அவர்தம் வாழ்நாள் வேட்கை. அவருடைய அன்னையார் அம்முறையால் துன்புற்ற குலத்தில் பிறந்தவர். அம்முறை சமய மரபென்றும் கலையின் காவலென்றும் பலர் வாதிட்டனர். முத்துலட்சுமியோ அதன் வேரைச் சட்டத்தில் தேடினார். கோவில் பணிக்காக அப்பெண்களுக்கு இனாம் நிலங்கள் வழங்கப்பட்டிருந்தன. பணியைக் கைவிட்டால் நிலமும் கைவிட்டுப் போகும். பிழைப்பை இழக்க அஞ்சியே, பல குடும்பங்கள் தம் பெண் மக்களையும் அவ்வாழ்வுக்கு ஒப்புக்கொடுத்தன. அறிவுரையால் மட்டும் அக்கட்டு அவிழாது என உணர்ந்த அவர், இந்து சமய அறநிலையச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார். 1929இல் அது நிறைவேறியது. நிலம் பெண்களிடமே நிலைத்தது, பணிக்கடமை நீங்கியது.

பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதையே தடுக்கும் சட்ட முன்வரைவை 1930இல் அவர் கொண்டுவந்தார். அவ்வாண்டே காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். எனினும் தொண்டைத் துறக்கவில்லை. விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட தேவதாசிக் குலச் சிறுமியர்க்குத் தம் இல்லத்திலேயே அடைக்கலம் அளித்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது. அவர் வேண்டிய தடைச்சட்டம் 17 ஆண்டுகள் கழித்து, 1947இல் இயற்றப்பட்டது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழக் காரணமாயிற்று. 1968இல் அவர் மறைந்தார். ஒரு சட்டம் பெண்ணின் வாழ்வை எங்கே கட்டுகிறது, எங்கே விடுவிக்கிறது என்று ஆராய்ந்து கேட்பதே மக்கள் பிரதிநிதியின் கடமை என்பதற்கு, முத்துலட்சுமி அம்மையாரின் பணி நிலையான சான்றாகத் திகழ்கிறது.