மருந்து கண்ட சுப்பாராவ்

காவிரி பாயும் தஞ்சையைப் போன்றே நெல்வளம் மிக்கது கோதாவரிக் கழனிநாடு. அங்குள்ள பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு எல்லாப்பிரகட சுப்பாராவ் பிறந்தார். வறுமையோடு பொருது சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். கதராடை உடுத்தமையால் பேராசிரியர் ஒருவரின் சினத்திற்கு ஆளாகி, குறைந்த பட்டமே பெற்றார். உடன்பிறந்தார் இருவர் கொடிய குடல்நோயால் மாண்டனர். அந்நோயை வெல்லும் வேட்கை அவர் நெஞ்சில் வேரூன்றியது.

அமெரிக்கா சென்றவர், மருத்துவமனையில் இரவு ஊழியம் புரிந்துகொண்டே ஹார்வர்டில் பயின்றார். பின்னர் லெடர்லி ஆய்வகத்தில் அவர்தம் குழுவினர் 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். குடல்நோய்க்கு மருந்து கிட்டியது.

மாணவர்களே! நெற்பயிர்போலவே தோன்றி உழவரை ஏமாற்றும் களையைத் தஞ்சை வயல்களில் கண்டிருப்பீர்கள். அத்தகைய உருவொப்புமையைச் சுப்பாராவ் குழுவினர் நன்மைக்கு ஆக்கினர். உயிரணுக்கள் பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். அதனை ஒத்த அமினாப்டெரினை அவர்கள் படைத்தனர். மெய்யென்று அதனை ஏற்ற புற்றணுக்கள் பெருகும் ஆற்றல் இழந்தன. பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அதனைச் செலுத்தினார். சிலர் சில திங்கள் நலமுற்றனர். மருந்தே இல்லாதிருந்த நோய்க்கு அதுவே முதல் நம்பிக்கை.

1948-இல், 53-ஆம் வயதில், சுப்பாராவ் மறைந்தார். அந்நெறியிலேயே பின்வந்தோர் ஆக்கிய பெமெட்ரெக்செட், இன்று முற்றிய நுரையீரற் புற்றுநோயின் ஒருவகைக்கு ஊசிவழி ஏற்றப்படுகிறது. அதன் கடுமையைத் தணிக்க ஃபோலிக் அமிலமும் உடன் அளிக்கப்படுகிறது. பட்டம் குறைந்தது, பயன் குறையவில்லை.