புரூனல் விழுங்கிய அரை சவரன்

ரயில் பாதையும் பாலமும் இரும்புக் கப்பலும் கட்டிய இங்கிலாந்து இன்ஜினீயர் இசம்பார்ட் புரூனல் (1806-1859). 1843 ஏப்ரலில் குழந்தைகளுக்கு வித்தை காட்டும்போது, வாயிலிருந்த அரை சவரன் காசு மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிட்டது.

மனுஷர் சும்மா இருப்பாரா? தன்னைக் கட்டித் தலைகீழாகக் கவிழ்க்க ஒரு பலகையைத் தானே வடிவமைத்தார். கவிழ்த்ததும் இருமலில் மூச்சே அடைத்தது. டாக்டர் பிரோடி கழுத்தில் துளையிட்டு இடுக்கியால் தேடினார், காசு சிக்கவில்லை. ஆனால் துளை வழியே மூச்சு வந்ததால் பயம் போச்சு. மே மாதம் மறுபடி கவிழ்த்தார்கள்; காசு வாய் வழியே விழுந்தது. ஜூலையில் அவருடைய 'கிரேட் பிரிட்டன்' கப்பல் மிதந்தது.

இன்று பிராங்காஸ்கோப் இருக்கிறது. கடலை தின்ற குழந்தை திடீர்னு புரையேறி இருமினால், இருமல் நின்னுட்டாலும் சும்மா விட்டுடாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.