எட்கர் தர்ஸ்டன்: முத்துச் சிப்பியும் மண்டையளவும்

கொற்கைத் துறை தூர்ந்த பின்னர்க் காயலும், அதன் பின்னர்த் தூத்துக்குடியும் முத்து வாணிகத்தின் தலைத்துறைகளாக விளங்கின. அரேபியரும் போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் முத்தை நாடி இக்கரைக்கு வந்த செய்தியை நாம் அறிவோம். 1889ஆம் ஆண்டு முத்துக்குளிப்பின்போது தூத்துக்குடிக்கு வந்த எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் முத்து வாங்க வந்தவரல்லர்; ஆராய வந்தவர். பிற்காலத்தில் தென்னிந்திய மக்களின் மண்டையையும் மூக்கையும் அளந்து பெயர் பெற்றவரும், குற்றவாளியை உடலளவால் அடையாளங் காணும் கலையைச் சென்னை மாகாணக் காவலர்க்குக் கற்பித்தவரும் அவரே.

1855இல் பிறந்த தர்ஸ்டன், இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். சிறிது காலம் கென்ட் பகுதியில் மனநோயாளர் விடுதியொன்றில் மருத்துவராகப் பணிபுரிந்தார். 1885இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக நியமனம் பெற்று எழும்பூருக்கு வந்து சேர்ந்தார்.

தூத்துக்குடியில் அவர் கண்டவை பல. பரதவரும், கீழக்கரை முஸ்லிம் குளியாளிகளும் கல்லைக் காலிற் கட்டிக் கடலுள் இறங்குவர்; தோணியில் நிற்போர் கயிற்றைப் பிடித்துக் காத்திருப்பர். கரை சேர்ந்த சிப்பியை மூன்று கூறாக்கி, இரண்டினை அரசு எடுத்துக்கொள்ளும், ஒன்று குளித்தவர்க்கு. அரசின் பங்கு ஆயிரஞ் சிப்பிக்கு இவ்வளவு என ஏலம் விடப்படும். வாங்குவோன் மூடிய சிப்பியையே வாங்குகிறான். எத்துணைத் தேர்ந்த வணிகனாயினும் ஓட்டின் நிறத்தையோ அளவையோ கண்டு உள்ளே முத்துண்டா எனத் துணிந்து கூற இயலாது. அழுகவிட்டு, கழுவி, சல்லடையில் அரித்த பின்னரே உண்மை வெளிப்படும். இவற்றையெல்லாம் ஆராய்ந்து, மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடலுயிர்கள் பற்றித் தர்ஸ்டன் எழுதிய நூல் 1890இல் வெளிவந்தது. அந்நூலை எழுதிய கையே பின்னர் மண்டையளக்கும் கவராயத்தையும் ஏந்தியது என்பது நமக்கு வியப்பையே தருகிறது.

அக்காலம் ஐரோப்பாவில் குற்றவாளி யார் என்னும் வினா பெரிதும் ஆராயப்பட்ட காலம். இத்தாலிய மருத்துவர் லொம்பிரோசோ, குற்றவாளி பிறப்பிலேயே குற்றவாளி என்றும், தாடையும் நெற்றியும் காதும் அதனைக் காட்டிக்கொடுக்கும் என்றும் 1876இல் நூல் எழுதினார். பாரிசுக் காவல்துறையின் பெர்டில்லானோ அவ்வாறு கொள்கை பேசாமல், முன்பு பிடிபட்டவனையே மீண்டும் அடையாளங் காண உடலளவுகளைப் பயன்படுத்தினார். மூன்றாவது வழியொன்றும் அப்போதே தோன்றிவிட்டது. தர்ஸ்டன் தூத்துக்குடிக்கு வருவதற்குச் சில திங்கள் முன்னர், 1888 நவம்பரில், இலண்டன் ஒயிட்சாப்பல் கொலைகளை ஆராய்ந்த தாமஸ் பாண்ட் என்னும் மருத்துவர், உடல்களில் இருந்த காயங்களைக் கொண்டே கொலைஞனின் உடல்வலிமை, மனநிலை, வாழ்முறை ஆகியவற்றை ஊகித்து எழுதினார். பாண்டும் கிங்ஸ் கல்லூரி மாணவரே. குற்றவாளியின் உளப்பாங்கை உய்த்துணரும் இன்றைய முறைக்கு அவ்வறிக்கையையே முன்னோடியாகக் கூறுவர். செயலிலிருந்து மனத்துக்குச் செல்வது பாண்டின் வழி. அவரது ஊகம் சரியா தவறா என்பது வேறு; கொலைஞன் அகப்படவே இல்லை. ஆயினும் அவர் ஆராய்ந்தது ஒருவன் செய்த செயலை. அவன் பிறந்த குலத்தையன்று.

மனநோயாளரிடையே பணிபுரிந்த தர்ஸ்டன் அவ்வழி செல்லவில்லை. ஊர் ஊராகச் சென்று மக்களை அளந்தார். வயநாட்டுப் பணியர் குலப் பெண்கள், தம்மைப் பதப்படுத்தி அருங்காட்சியகத்தில் வைக்கவே இவர் வந்துள்ளார் என அஞ்சியதை அவரே எழுதியுள்ளார். அவர் அதனை நகைச்சுவையாகவே எழுதினார். நம்மால் நகைக்க முடியவில்லை. அவரது அட்டவணைகளிலேயே ஒரே குலத்தாருள் மூக்களவு பெரிதும் வேறுபடுவதைக் காணலாம். ஆயினும் அளவை நிற்கவில்லை.

1909இல், ரங்காச்சாரி என்பவரின் துணையுடன், தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய அவரது பெருந்தொகுப்பு ஏழு தொகுதிகளாக வந்தது. சடங்கு, பழமொழி, தொழில், உணவு என அதில் அமைந்துள்ள செய்திகளுக்காக இன்றும் ஆய்வாளர் அதனைப் புரட்டுகின்றனர். அவ்வுழைப்பை நாம் குறைத்துரைக்கவில்லை. எனினும் கள்ளர், குறவர் பற்றிய பகுதிகளில் காவல் அதிகாரிகளின் குறிப்புகள் குலத்தின் இயல்பாகவே பதிவாயின. ஒருவர் திருடினால் அது அவர் குற்றம். அதனை நூலில் குலத்தின் பெயருக்குக் கீழே எழுதிவிட்டால் தொட்டிற் குழந்தையும் அதற்குள் அடங்கிவிடுகிறது. 1871இல் வடஇந்தியாவில் பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

இதற்கிடையே அளவைக் கருவியின் காலம் முடிந்திருந்தது. வங்கக் காவல்துறையில் துணை ஆய்வாளராயிருந்த காசி அஜீசுல் ஹக், கணிதம் பயின்றவர். கைரேகைகளை வகைப்படுத்தும் முறையை வகுப்பதில் பெரும்பங்கு கொண்டார். ஹேமச்சந்திர போசும் உடனுழைத்தார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் தோன்றியது. மேலதிகாரி ஹென்றியின் பெயராலேயே அம்முறை உலகெங்கும் வழங்குவது நம் மாணவர் அறிய வேண்டிய செய்தி. ஒருவர் ரேகை மற்றொருவர்க்கு இல்லை. எனவே இக்கருவி தனி மனிதரையே சுட்டும், குலத்தைச் சுட்டாது. ஆனால் ஆட்சியாளர் அதனையே குலமுழுதும் மேல் ஏவினர். தமிழ்நாட்டு ஊர்களில் அச்சட்டத்துக்கு ரேகைச் சட்டம் என்றே பெயர் வழங்கிற்று. ரேகை பதிக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவலர் சுட்டதில் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீங்கியது.

தர்ஸ்டன் அப்போது இந்நாட்டில் இல்லை. 1908இல் அருங்காட்சியகப் பணியை விட்டவர், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் குடியேறி, அங்குள்ள செடிகொடிகளை ஆராய்வதில் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். 1935இல் பென்சான்சு நகரில் மறைந்தார். அவ்வாண்டிலேயே அஜீசுல் ஹக்கும் பீகாரின் மோதிகாரியில் காலமானார்.