விக்கிரம் சாராபாய்

அம்பின் விரைவைக் கண்டு வியப்போர் பலர். அதனைச் செலுத்திய வில்லை நினைப்போர் சிலரே. வானில் பாயும் இராக்கெட்டிற்கும் இது பொருந்தும். வானம் தெளிந்த நாளில் சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையில் நின்று வடதிசையை நோக்குவோர், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் இராக்கெட்டின் ஒளிக்கீற்றைக் காண்பதுண்டு. அவ்வொளியைக் கண்டு மகிழும் நாம், அதனைத் தாங்கி நின்ற ஏவுமேடையையும், அத்தகைய மேடைகள் நம் நாட்டில் அமையக் காரணராய் இருந்த விக்கிரம் சாராபாயையும் நினைத்தல் வேண்டும்.

விக்கிரம் சாராபாய் 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12-ஆம் நாள் ஆமதாபாத்தில் பிறந்தார். தந்தையார் அம்பாலால் சாராபாய் ஆலைகள் பல உடைய பெருஞ்செல்வர், தாயார் சரளாதேவி. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்ற விக்கிரம், இரண்டாம் உலகப் போர் மூண்டபோது தாயகம் திரும்பினார். பெங்களூரில் சர் சி. வி. இராமனின் மேற்பார்வையில், விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்களை ஆராய்ந்தார். 1942-இல் நடனக் கலைஞர் மிருணாளினியைச் சென்னையில் மணந்தார். 1947-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, அவ்வாண்டிலேயே ஆமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை நிறுவினார்.

1962-இல் விண்வெளி ஆராய்ச்சிக்கென இந்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. சாராபாய் அதன் தலைவரானார். உணவுக்கே பிற நாடுகளை எதிர்நோக்கும் ஏழை நாட்டிற்கு இராக்கெட்டு எதற்கு என்று வினவினோர் பலர். வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், செல்வ நாடுகளோடு போட்டியிடுவதன்று சாராபாயின் நோக்கம். வானிலையை முன்னறியவும், தொலைதூரச் சிற்றூர்களுக்குக் கல்வியைக் கொண்டு செல்லவும் விண்வெளி அறிவு உதவும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

இராக்கெட்டு ஏவுதற்கு உரிய இடம் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் ஊரில் கிடைத்தது. புவியின் காந்த நடுக்கோடு அதன் அருகே செல்வதால், மேல்வளி மண்டலத்தை ஆராய அது மிகவும் ஏற்றதாக இருந்தது. அவ்வூர் மக்கள் தம் வழிபாட்டிற்குரிய புனித மரிய மக்தலேனாள் தேவாலயத்தையே ஆராய்ச்சிக்கு அளித்தனர். தேவாலயம் பணிமனையாயிற்று. இராக்கெட்டின் உறுப்புகள் மிதிவண்டியிலும் கொண்டு செல்லப்பட்டன. ஏவும் முறையைக் கற்று வருமாறு இளைஞர் சிலரைச் சாராபாய் அமெரிக்காவிற்கு அனுப்பினார். நம் இராமேசுவரத்தைச் சேர்ந்த அப்துல் கலாம் அவருள் ஒருவர்.

ஏவும் கருவியின் இன்றியமையாமையை இங்கே அறிதல் நன்று. இராக்கெட்டின் வால்சிறகுகள் காற்றினூடே விரைந்து செல்லும்போதே அதனை நேர்வழியில் நிறுத்தும். புறப்படும் நொடியிலோ விரைவு குறைவு. ஆதலின் சிறகுகளால் பயன் இல்லை. அந்நேரத்தில் தண்டவாளம் போன்றதொரு வழிகாட்டி அதனைத் தாங்கிச் செலுத்துதல் வேண்டும். வீசும் காற்றைக் கணித்து அவ்வழிகாட்டியின் சாய்வை அமைப்பர். மாணவர்கள் போட்டிகளில் பறக்கவிடும் மாதிரி இராக்கெட்டிற்கும் இதுவே விதி. அட்டைக்குழலால் ஆன அச்சிறு கலம், மெல்லிய எஃகுக் கம்பியின் வழியே மேலெழும். தேர்ந்த போட்டியாளர் சிலர் கம்பிக்கு மாறாக, கழிகள் சூழ நின்ற கூண்டு போன்ற தாங்கியைக் கொள்வர். அதனால் கம்பி நுழையும் வளையம் கலத்திற்கு வேண்டாததாகிக் காற்றின் தடையும் குறைகின்றது. பெரிதாயினும் சிறிதாயினும், தொலைவில் நின்று மின்சாரத்தால் தீமூட்டுவதே முறை.

1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் முதல் இராக்கெட்டை ஏவக் குறித்தனர். இராக்கெட்டு அமெரிக்கா தந்தது. அதனுள் இருந்த சோடியம் ஆவிக்கருவி பிரான்சு தந்தது. நிலம் இருண்டும் வானுச்சியில் கதிரவன் ஒளி எஞ்சியும் இருக்கும் அந்திப்பொழுதில்தான் அவ்ஆவி முகில் ஒளிர்ந்து தோன்றும். காலம் தவறின் அன்றைய முயற்சி வீணாகும். அந்நிலையில் இராக்கெட்டைத் தூக்கும் பாரந்தூக்கியில் எண்ணெய் கசியத் தொடங்கியது. பழுது பார்க்க நேரமில்லை. கலாமும் தோழர்களும் தம் கைவலிமையால் இராக்கெட்டைத் தூக்கி ஏவுதாங்கியில் ஏற்றினர். அந்தி மறையுமுன் அது முழங்கி எழுந்தது. வானில் செம்மஞ்சள் முகில் படர்ந்தது.

பிறர் தந்த இராக்கெட்டோடு சாராபாய் நிறைவடைந்தாரல்லர். 1967-இல் இந்தியாவில் உருவாக்கிய ரோகிணி இராக்கெட்டு தும்பாவிலிருந்து பறந்தது. அதன் குறுக்களவு 75 மில்லிமீட்டரே. கையகல அளவினதாயினும், அது நம்மவர் ஆக்கியது. 1971 அக்டோபர் 9-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தும் முதல் இராக்கெட்டு எழுந்தது. அவ்வாண்டு டிசம்பர் 30-ஆம் நாள், கோவளத்தில் தங்கியிருந்த சாராபாய் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 52.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1980-இல் இந்திய இராக்கெட்டு இந்தியத் துணைக்கோளைச் சுமந்து சென்றதை அவர் கண்டாரல்லர். 2023-இல் நிலவின் தென்முனை அருகே இறங்கிய கலத்திற்கு விக்கிரம் என்பதே பெயர். பெருஞ்செயலை விழையும் மாணவர், அதற்கு முன் வேண்டும் சிறு கருவிகளையும் சிறு பணிகளையும் இகழாது பழகுதல் வேண்டும் என்பதற்கு அவர்தம் வாழ்வே சான்றாகும்.