பெயரற்றோருக்குப் பெயர் தந்த பெருமாட்டி

போரிலே வென்றவன் பெயரை வரலாறு எழுதி வைக்கிறது. படை நடத்திய தளபதிக்குச் சிலை எழும்புகிறது. ஆனால், குண்டடிபட்டு வீழ்ந்து, எந்த மண்ணில் புதையுண்டான் என்பதுகூடத் தெரியாமற்போன சாதாரணச் சிப்பாயை யார் நினைக்கிறார்கள்? பெற்றவள் நினைக்கிறாள், கட்டியவள் நினைக்கிறாள். அவர்களுக்காக அவனைத் தேடிப் புறப்பட்ட ஓர் அம்மையாரை இன்று நாம் நினைவுகூர விரும்புகிறோம். அவர்தான் அமெரிக்க நாட்டுக் கிளாரா பார்ட்டன். 90 ஆண்டுகள் வாழ்ந்து 1912-ஆம் ஆண்டு மறைந்த அவரைப் போர்க்களத் தாதி என்று உலகம் அறியும். அந்த ஒரு சொல்லுக்குள் அவரது வாழ்வு அடங்கிவிடாது.

1821 டிசம்பர் 25-ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்து வடக்கு ஆக்ஸ்போர்டு என்ற சிற்றூரில், ஐந்து மக்களில் கடைக்குட்டியாகப் பிறந்தார் கிளாரா. சிறுமியாக இருந்தபோது, கூரையிலிருந்து விழுந்து படுத்த படுக்கையான அண்ணனுக்கு ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் அருகிலிருந்து பணிவிடை செய்தார். தாதிப் பயிற்சிப் பள்ளி எதையும் மிதித்தறியாத அவருக்கு, அந்தக் கட்டிலோரமே பள்ளிக்கூடமாயிற்று.

வளர்ந்ததும் ஆசிரியையானார். 1852-இல் நியூ ஜெர்சி மாநிலத்துப் போர்டென்டவுன் நகரில், ஏழைப் பிள்ளைகளும் படிக்கக் கட்டணமில்லாப் பள்ளியைத் தொடங்கினார். ஆறு பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளி நூற்றுக்கணக்கானோரைக் கொண்டதாக வளர்ந்தது. ஊரார் மகிழ்ந்து புதுக் கட்டடமே எழுப்பினர். எழுப்பியதும் என்ன செய்தனர்? தலைமையாசிரியராக ஓர் ஆண்மகனை, அம்மையாரைவிடக் கூடுதல் சம்பளத்தில் கொண்டுவந்து அமர்த்தினர்! உழுது விதைத்தவர் ஒருவர், களத்து மேட்டில் காத்திருந்து அள்ளிக்கொண்டவர் வேறொருவர். அம்மையார் கெஞ்சவில்லை, வேலையை விட்டு வெளியேறினார்.

வாஷிங்டன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் 1854-இல் எழுத்தரானார். ஆண்களுக்கு நிகரான சம்பளம் அவருக்குத் தரப்பட்டது. பொறுப்பார்களா உடன் வேலை செய்த ஆடவர்கள்? அவர் நடந்து வரும் வழியில் நின்று முகத்தில் புகை ஊதினர்; புகையிலை எச்சிலைத் துப்பினர். அவரோ தலை நிமிர்ந்து நடந்து வந்து தம் மேசையில் அமர்ந்தார்.

1861-ஆம் ஆண்டு, அடிமை முறையைக் காக்கத் துடித்த தென்மாநிலங்கள் பிரிந்து போனதால், வடக்குக்கும் தெற்குக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. ஏப்ரல் மாதம் பால்டிமோர் நகரில் தாக்குண்ட மாசசூசெட்ஸ் வீரர்கள் தலைநகர் வந்து சேர்ந்தனர். அவர்களில் சிலர் அம்மையாரிடம் படித்த பிள்ளைகள்! வீட்டிலிருந்த துணிகளைக் கிழித்துக் கொண்டோடினார். அன்று தொடங்கிய பணிக்கு அவர் கூலி கேட்கவில்லை. மறு ஆண்டு ஆகஸ்டில், போர்முனைக்கே செல்ல அனுமதி பெற்றார்.

1862 செப்டம்பர் 17-ஆம் நாள் ஆன்டீட்டம் களத்தில், இருதரப்பிலுமாக 22,000-க்கு மேற்பட்டோர் ஒரே பகலில் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போயினர். கட்டுத்துணி தீர்ந்து, மருத்துவர்கள் சோளத் தோகையால் புண்ணை மூடிக்கொண்டிருந்த வேளையில், வண்டி நிறையத் துணியும் உணவும் விளக்குகளுமாக வந்து சேர்ந்தார் அம்மையார். ஒரு வீரனைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் புகட்டியபோது, பறந்துவந்த குண்டு அவரது சட்டைக் கையைத் துளைத்து, அந்த வீரனைக் கொன்றது. அதற்குப் பிறகும் அவர் களத்தை விட்டு அகலவில்லை. வடக்கத்தியான், தெற்கத்தியான் என்று பார்த்தும் அவர் கட்டுப் போட்டதில்லை.

போர் 1865-இல் ஓய்ந்தது. வீரர்கள் வீடு திரும்பினர். வராதவர்கள்? அவர்களைத் தேடவென்று வாஷிங்டனில் தாம் குடியிருந்த அறைகளையே அலுவலகமாக்கினார். நாடெங்குமிருந்து வந்து குவிந்த கடிதங்கள் 63,000-க்கு மேல். காணாமற்போனோர் பெயர்களைப் பட்டியலிட்டு அச்சிட்டு நாடெங்கும் அனுப்பி, அறிந்தவர் தெரிவிக்குமாறு வேண்டினார். 22,000-க்கு மேற்பட்ட வீரர்களின் கதி இவ்வாறு தெரியவந்தது. ஆண்டர்சன்வில் சிறையில் மாண்டோரின் பட்டியலை, அங்கே கைதியாயிருந்த டோரன்ஸ் அட்வாட்டர் என்ற இளைஞர் மறைத்து வைத்துக் காப்பாற்றியிருந்தார். அவரோடு அங்கே சென்று, ஏறத்தாழ 13,000 கல்லறைகளில் பெயர் பொறிக்கும் பணியில் பங்கு கொண்டார் அம்மையார். கண்ணீர் எல்லோரும் விடுவர். அவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கணக்கெடுத்தார்.

பின்னர் உடல்நலம் தேடி ஐரோப்பா சென்றவர், அங்கே செஞ்சிலுவை இயக்கத்தைக் கண்டார். 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, அழிந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ஏழைப் பெண்களுக்குத் தையல் வேலை தந்து கூலி கொடுக்க ஏற்பாடு செய்தார். பிச்சையிட்டுக் குனிய வைப்பது உதவியாகாது, உழைத்து நிமிர வைப்பதே உதவி என்பது அவரது வழி. தாயகம் திரும்பி, 1881-இல், தமது 59-ஆம் வயதில், அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவினார். போர்க்காலத்துக்கு மட்டுமன்றி, வெள்ளத்துக்கும் தீக்கும் புயலுக்கும் அச்சங்கம் ஓடிவர வேண்டுமென்றார்.

ஓடியும் வந்தார். 1889-இல் ஜான்ஸ்டவுன் வெள்ளம் 2,200-க்கு மேற்பட்டோரை விழுங்கியபோது, 67 வயதில் அங்கே மாதக்கணக்கில் தங்கிக் குடியிருப்புகள் அமைத்தார். 1893-இல் தென்கரோலினா கடற்கரைத் தீவுகளைப் புயல் சூறையாடியது. வாழ்விழந்தோரில் பெரும்பாலோர் முன்னாள் அடிமைகளான கறுப்பின மக்களும் அவர்தம் பிள்ளைகளும். அவர்களுக்கு உணவோடு விதையும் கருவியும் தந்து மீண்டும் பயிரிடச் செய்தார். 1900-இல் கால்வெஸ்டன் புயலின்போது அவருக்கு வயது 78!

குறையே இல்லாதவரா? அல்லர். எல்லாவற்றையும் தாமே செய்ய முனைந்தார்; பொறுப்பைப் பகிர்ந்தளிக்கத் தயங்கினார்; வரவு செலவுக் கணக்கை ஒழுங்காக வைக்கவில்லை என்ற கண்டனமும் எழுந்தது. அதன் விளைவாக 1904-இல் தலைமையைத் துறந்தார். பெற்று வளர்த்த சங்கத்தை விட்டு 82 வயதில் வெளியேறுவது எளிதா? ஆயினும் அவர் மூலையில் முடங்கவில்லை. மறு ஆண்டே, பொதுமக்களுக்கு முதலுதவி கற்பிக்கும் சங்கமொன்றைத் தொடங்கினார்.

1912 ஏப்ரல் 12-இல் கண்மூடினார். பெண்ணுக்கு வாக்குரிமை வேண்டுமென்று வாதாடிய அந்த அம்மையார், அந்த உரிமை நாடு முழுமைக்கும் வந்த 1920-ஐக் காணவில்லை.

காணாமற்போனோரைத் தேடிய அவரது அலுவலகமே காணாமற்போயிருந்தது. 1990-களில், இடிப்பதற்காக விடப்பட்ட பழைய கட்டடம் ஒன்றின் மேல்தளத்தில், அவர் பெயர் தாங்கிய பலகையும் காகிதங்களும் கிடைத்தன. இன்று அது அருங்காட்சியகம். வெள்ளமோ புயலோ வந்தால் நாமும் அரிசி தருகிறோம், துணி தருகிறோம். நல்லதுதான். அத்தோடு, இழந்தவன் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வோம். அவன் மீண்டும் தொழில் செய்யக் கருவி தருவோம். கிளாரா அம்மையாருக்கு நாம் செலுத்தத்தக்க மரியாதை அதுவே.