காலின் மெக்கன்சி: சுவடியும் ஓவியமும்
ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்த காலின் மெக்கன்சி 1783இல் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். தாராபுரம் அடங்கிய கோயம்புத்தூர்ப் பகுதியிலும் திண்டுக்கல்லிலும் அவரது தொடக்கக்காலப் பணி அமைந்தது. ஓவியம் அவருக்குத் தொழிலன்று. நில அளவையோடு வளர்ந்த பழக்கம். கோட்டைகளையும் கோயில்களையும் தாமும் வரைந்தார். உதவியாளர்களையும் கோட்டிலும் நீர்வண்ணத்திலும் வரையச் செய்தார். 1798இல் கிருஷ்ணைக் கரையின் அமராவதியைக் கண்டார் (தாராபுரத்து அமராவதி ஆறு வேறு). அத்தூபியின் சுண்ணாம்புக்கற்கள் பல பின்னர் அழிந்தன. அவற்றுக்குப் படங்களே சான்று. 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையரானார். 1821இல் கல்கத்தா அருகே மறைந்தார். கொங்குதேச ராஜாக்கள் சரித்திரம் உள்ளிட்ட தமிழ்ச் சுவடிகள் சென்னையை வந்தடைய, ஓவியங்கள் இலண்டன் சென்றன. ஆகவே தமிழாய்வு பெரும்பாலும் அவரது சுவடிகளையே அறிந்துள்ளது. அவற்றோடு ஒரே பயணங்களில் உருவான படங்கள் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன.