கல்லின் இடம் கண்டவர்

நுழையும்முன்

ஓர் ஊரின் பழமையைக் கோயில்களும் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் எடுத்துரைக்கும். எழுத்துத் தோன்றுவதற்குப் பன்னூறாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மாந்தரின் பழமையை எது உரைக்கும்? காலடியில் கிடக்கும் கல்லும் வரலாறு கூறும் என்பதைத் தமிழ் மண்ணில் நடந்து நடந்தே மெய்ப்பித்தவர் நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபூட். அவரது வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மணவூரைச் சூழ்ந்த நிலம்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் திருவள்ளூரைக் கடந்து சென்றால் மணவூரும், அதனை அடுத்துத் திருவாலங்காடும் வரும். வடமேற்கே திருத்தணி மலை எழுந்து நிற்கிறது. அதற்கும் அப்பால் ஆந்திர எல்லையில் நகரி மலைகள் தொடங்குகின்றன. அம்மலைகளுள் மூக்குப்போல் நீண்டு நிற்கும் முகடு ஒன்று, சோழமண்டலக் கடலில் கலம் செலுத்திய மாலுமிகளுக்குக் கரையடையாளமாக விளங்கியது. மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இந்நிலத்தின் வழியே கொற்றலையாறு என்னும் கொசஸ்தலையாறு கிழக்கு நோக்கி ஓடி, எண்ணூர் அருகே கடலில் கலக்கிறது.

1905ஆம் ஆண்டு திருவாலங்காட்டில் கிடைத்த செப்பேடுகள் சோழர் வரலாற்றை நமக்கு அளித்தன. அவை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமை உடையவை. அதே கொற்றலையாற்றுப் படுகையில், பூண்டிக்கு அருகில் உள்ள அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளோ பதினைந்து நூறாயிரம் ஆண்டுப் பழமை உடையவை. அக்கருவிகளை அறிவுலகின் பார்வைக்கு முதலில் கொண்டு வந்தவர் ஃபூட்.

நிலவியல் துறையில் இளைஞர்

ஃபூட் 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தின் செல்ட்டனாம் நகரில் பிறந்தார். அவருடைய இளமைக் காலத்தில் இந்தியாவில் இருப்புப்பாதைகள் அமைக்கும் பணி தொடங்கியது. இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை நோக்கிய பாதையில் 1856இல் வண்டிகள் ஓடத் தொடங்கின. நிலக்கரியும் கனிமங்களும் எங்கெங்கு உள்ளன என்று அறிவது ஆட்சியாளர்க்குத் தேவையாயிற்று. அத்தேவையை ஒட்டி 1851இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை நிறுவப்பட்டது. தாமசு ஓல்டாம் அதன் தலைவராக இருந்தார். 1858ஆம் ஆண்டின் இறுதியில் ஃபூட் அத்துறையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை இருபத்து நான்கு.

அக்காலத்து நிலவியலாரின் பணிக்களம் வெட்டவெளியே. வரைபடம், திசைகாட்டி, சுத்தியல் ஆகிய மூன்றும் அவர்தம் முதன்மைக் கருவிகள். குதிரையிலும் கால்நடையாகவும் நாள்தோறும் பல கல் தொலைவு செல்ல வேண்டும். ஆற்றின் கரை அரிக்கப்பட்ட இடம், கிணறு தோண்டிய குழி, சாலைக்காக மண் வெட்டிய பள்ளம் என நிலம் தன் உட்புறத்தைக் காட்டும் இடங்களில் எல்லாம் நின்று பார்க்க வேண்டும். எந்தப் படிவு மேலே உள்ளது, எது கீழே உள்ளது என்று குறிக்க வேண்டும். மேலடுக்கினும் கீழடுக்குப் பழையது என்பது நிலவியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. கூடாரங்களை ஏற்றிச் சென்ற வண்டிக்காரர்கள், வழிகாட்டிய ஊர்மக்கள் ஆகியோரின் உழைப்பும் இப்பயணங்களில் கலந்திருந்தது.

தமிழோடு அவருக்கு ஓர் உறவும் வாய்த்தது. அவருடைய மனைவி எலிசபெத், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளாவார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவரும், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவரும், சென்னையில் தினவர்த்தமானி இதழை நடத்தியவரும் அப்பெர்சிவலே. மாமனார் மக்கள் நாவில் வழங்கிய பழமொழிகளைத் தொகுத்தார். மருமகன் மண்ணில் புதைந்த பழமையைத் தொகுத்தார்.

பல்லாவரத்தில் ஒரு கல்

ஐரோப்பாவில் அப்போது ஒரு பெருங்கேள்வி எழுந்திருந்தது. மனித இனம் தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆயின என்று பலரும் நம்பியிருந்தனர். பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுச் சரளைப் படிவுகளில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு செதுக்கப்பட்ட கற்கருவிகள் கிடைப்பதைப் புஷே த பெர்த் என்பவர் பல்லாண்டுகளாக எடுத்துக் கூறி வந்தார். 1859இல் ஆங்கிலேய அறிஞர்கள் நேரில் சென்று பார்த்து அதனை உண்மையென ஏற்றனர். இந்தியாவில் அத்தகைய சான்று உண்டா என்ற வினாவுக்கு அதுவரை விடை இல்லை.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில் ஃபூட் ஆய்வு செய்துகொண்டிருந்தார். படைவீரர் பயிற்சித் திடலை அடுத்துச் சரளைக்கல் தோண்டிய சிறு பள்ளம் ஒன்று இருந்தது. அதிலிருந்து வெளியே எறியப்பட்டிருந்த கற்களிடையே ஒன்று அவர் கண்ணை ஈர்த்தது. அது குவார்ட்சைட் என்னும் கடினமான கல். இருபுறமும் சில்லுகள் பெயர்க்கப்பட்டு, கையில் அடங்கும் வண்ணம் அமைந்திருந்தது. ஆறு உருட்டிய கல்லுக்கு அத்தகைய விளிம்பு அமையாது. மனிதக் கை செய்த கைக்கோடரி அது என்று அவர் உணர்ந்தார்.

இந்தியத் துணைக்கண்டத்தின் பழங்கற்கால ஆய்வு அந்நாளில் தொடங்கியது எனலாம். ஆயினும் ஃபூட் அவ்வொரு கல்லோடு நிறைவடையவில்லை. பள்ளத்திலிருந்து வெளியே எறியப்பட்ட கல் எந்த அடுக்கில் கிடந்தது என்று எவ்வாறு உறுதி செய்வது? பிற்காலத்தவர் ஒருவர் மேற்பரப்பில் போட்டுச் சென்றதாகவும் இருக்கலாமன்றோ? இடம் அறியப்படாத கல் வியப்பைத் தரும், சான்றாகாது. ஆகவே, கருவி மண்ணடுக்கினுள் பதிந்திருக்கும் நிலையில் அதனைக் காண வேண்டும் என்று அவர் தேடலானார்.

அத்திரம்பாக்கத்து ஓடை

அத்தேடல் அவரைச் சென்னைக்கு வடமேற்கே கொண்டு சென்றது. 1863ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், உடன் பணியாற்றிய வில்லியம் கிங் என்பவரோடு அவர் அத்திரம்பாக்கம் ஓடையை அடைந்தார். அப்பகுதியில் அல்லிக்குழி மலைகள் உள்ளன. குவார்ட்சைட் கூழாங்கற்கள் செறிந்த மலைகள் அவை. கருவி செய்வோர்க்கு வேண்டிய கல்லும் நீரும் அருகருகே கிடைத்த நிலம் அது.

ஓடையின் அடிப்பரப்பில் கற்கருவிகள் பல கிடந்தன. அவற்றினும் இன்றியமையாத சான்று ஓடைக் கரையில் இருந்தது. மழைநீர் அரித்த கரையில், செம்பூராங்கற் சரளைப் படிவினுள் கருவிகள் பதிந்திருந்தன. அப்படிவு உருவாவதற்கு முன்னரோ, உருவான காலத்திலோ அவற்றைச் செய்த மாந்தர் இங்கு வாழ்ந்திருக்க வேண்டும். பல்லாவரத்துக் கல் எழுப்பிய ஐயத்தை அத்திரம்பாக்கத்துக் கரை தீர்த்து வைத்தது.

அடுத்த ஆண்டுகளில் ஃபூட் தம் கண்டுபிடிப்புகளை அறிஞர் அவைகளில் எடுத்துரைத்தார். சென்னை, வடஆர்க்காடு மாவட்டங்களின் செம்பூராங்கற் படிவுகளில் கிடைத்த கற்கருவிகளைப் பற்றிய அவரது கட்டுரை, இத்துறையில் வெளிவந்த முன்னோடிக் கட்டுரைகளுள் ஒன்று. இன்றைய திருத்தணிப் பகுதி அன்று வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. பாலாற்றுக்கு வடக்கே உள்ள அந்நிலப்பரப்பின் நிலவியலை விரித்துரைக்கும் அவரது நூல் 1873இல் வெளிவந்தது.

கடற்கரை நெடுகிலும்

ஃபூட்டின் நடை பாலாற்றோடு நின்றுவிடவில்லை. வடக்கே மசூலிப்பட்டினம் வரையிலான கீழைக் கடற்கரைப் பகுதியை ஆராய்ந்து அதன் நிலவியலை எழுதினார். தெற்கே மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களையும் ஆராய்ந்தார். தேரி என வழங்கும் செம்மணற் குன்றுகளின் நிலத்தில், சாயர்புரத்தருகே நுண்கற்கருவிகளைக் கண்டார். 1884இல் கர்நூல் பகுதியின் பில்லசுர்கம் குகைகளில் அகழாய்வைத் தொடங்கினார்; அவருடைய மகனும் அப்பணியில் பங்கேற்றார். அக்குகைகள் பழங்கால விலங்குகளின் எலும்புகளை மிகுதியாக அளித்தன. பெல்லாரிப் பகுதியின் சாம்பல் மேடுகளையும் அவர் ஆராய்ந்தார். தென்னகத்தின் தொன்மையான பாறைத் தொகுதி ஒன்றுக்குத் தார்வார் என்று பெயரிட்டவரும் அவரே.

சென்ற இடமெல்லாம் கருவிகளைத் திரட்டினார். திரட்டிய ஒவ்வொன்றும் எங்கே கிடைத்தது என்பதைக் குறித்து வைத்தார். 450க்கும் மேற்பட்ட இடங்களில் சேர்த்தவற்றைப் பழங்கற்காலம், புதிய கற்காலம், இரும்புக்காலம், அதற்குப் பிற்பட்ட காலம் என வகைப்படுத்தினார். 1891இல் ஓய்வுபெற்ற பின்னும் பரோடா, மைசூர் அரசுகளுக்கு நிலவியல் பணியாற்றினார். ஏற்காட்டில் குடியமர்ந்தார். 1904இல் அவரது திரட்டுச் சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

ஃபூட் 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கொல்கத்தாவில் காலமானார். தம் திரட்டுக்கு அவர் எழுதிய விரிவான பட்டியல் அவர் மறைவுக்குப் பின் 1914இலும் 1916இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. ஊரும் இடமும் குறித்த அப்பட்டியல் பின்வந்த ஆய்வாளர்க்கு வழிகாட்டியாக அமைந்தது.

பின்வந்தோர் அளந்த காலம்

அக்கருவிகள் மிகப் பழையவை என்று ஃபூட் அறிந்திருந்தார். எத்தனை ஆண்டுப் பழமை என்று அளக்கும் வழி அவர் காலத்தில் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் வி. டி. கிருஷ்ணசாமி முதலிய அறிஞர்கள் கொற்றலையாற்றுப் படுகையை மேலும் ஆராய்ந்தனர். இங்குக் கிடைத்த கைக்கோடரிகளால் சென்னையின் பெயர் உலகத் தொல்லியல் நூல்களில் இடம்பெற்றது.

1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் அத்திரம்பாக்கத்தில் விரிவான அகழாய்வுகளை மேற்கொண்டனர். விண்கதிர்கள் பட்ட கல், மண்ணுள் புதைந்த பின் அடையும் மாற்றத்தை அளந்து அது புதைந்த காலத்தைக் கணிக்கலாம். இம்முறையாலும், படிவுகளில் பதிந்துள்ள பழங்காந்தப் புலத்தின் திசையாலும் கீழடுக்கின் கைக்கோடரிகள் ஏறத்தாழ பதினைந்து நூறாயிரம் ஆண்டுப் பழமை உடையவை என்று 2011இல் அறிவித்தனர். மேலடுக்குகளில் இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதை 2018இல் வெளியிட்டனர். மனித இனத்தின் தொழில்நுட்ப வளர்ச்சியைப் பற்றிய உலகளாவிய கருத்துகளையே மீண்டும் எண்ணிப் பார்க்கச் செய்த முடிவுகள் இவை.

இவ்வளவும் எதனால் இயன்றது? அடுக்குகள் கலையாமல் இருந்தமையால் இயன்றது. கல்லை மட்டும் எடுத்து வந்து மேசைமேல் வைத்தால் அதன் வடிவை அறியலாம். அதன் காலத்தை அறிய அது கிடந்த மண்ணும் வேண்டும்.

நம் கடமை

சாலைக்கும் கட்டடத்துக்கும் சரளையும் மண்ணும் இன்று பொறிகளால் அள்ளப்படுகின்றன. ஃபூட் காலத்தில் மண்வெட்டி பல நாள் தோண்டிய பள்ளத்தை இன்றைய பொறி சில மணி நேரத்தில் தோண்டிவிடும். அதனால் அழிவது மண் மட்டுமன்று. எழுதப்படாத ஏடு ஒன்றும் அதனோடு அழிகிறது. அவ்வேட்டுக்கு மறுபடி இல்லை.

மணவூரிலோ, பூண்டியிலோ, உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ செதுக்கிய விளிம்புடைய கல் ஒன்றைக் கண்டால், உடனே எடுத்துப் பையில் இடாதீர்கள். அது கிடக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், படம் எடுங்கள், ஆசிரியர்க்கும் தொல்லியல் துறையினர்க்கும் தெரிவியுங்கள். கல்லைக் கண்டெடுத்தவர் பலர் இருந்திருக்கலாம். அதன் இடத்தையும் கண்டறிந்து மதித்தமையால்தான், எங்கோ பிறந்த ஒருவர் நம் மண்ணின் முதல் மாந்தரை நமக்கு அறிமுகம் செய்ய முடிந்தது.